வெறும் ஃபில்டர்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் பெயர் க்ரூவபாடெட். நார்வே மொழியில் அதற்குச் சுரங்கக் குளியல் என்று பொருள். வடதுருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளி, ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் நி-ஓலெசுண்ட் என்று ஒரு குடியிருப்பு. ஒரு காலத்தில் அங்கே நிலக்கரி வெட்டினார்கள். 1962 நவம்பர் 5 அன்று சுரங்கம் வெடித்து 21 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் உடம்பில் அப்பிய கரியைக் கழுவிக்கொண்ட இடத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கூடத்தில், இப்போது காற்றில் மிதக்கும் கரியை நானோகிராம் கணக்கில் அளக்கிறோம். கூடத்தை நடத்துவது இத்தாலி. இந்தியக் கருவிகளும் அங்கே இருக்கின்றன.

குளிப்பதற்கென்றே சனம் வண்டி பிடித்து வரும் ஊரிலிருந்து போனவள் நான். பெயரின் பொருளை முதல் நாள் ஒருவர் சொன்னபோது சிறிது நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன். வாசலில் இன்னொன்றும் நடந்தது. எல்லோரும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அந்தத் தீவுகளில் பல கட்டடங்களில் அப்படித்தான். கரித்தூள் வீட்டுக்குள் வரக்கூடாதென்று சுரங்கக் காலத்தில் வந்த பழக்கம், சுரங்கம் போன பிறகும் போகவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே. மொட்டைமாடியில் ஏறினால் மேற்கே திரிகூடமலை முழுதாகத் தெரியும். ஆனி பிறந்துவிட்டால் ஆச்சி பல் விளக்கும்போதே மலையைத்தான் பார்ப்பாள். “ஏட்டி, மலை மூடிட்டு. கொடியில கெடக்க துணிய எடு” என்பாள். எடுத்து உள்ளே போடுவதற்குள் சாரல் வந்துவிடும். தூறல் என்றால் மேலேயிருந்து விழ வேண்டும், சாரல் என்றால் பக்கவாட்டில் காற்றோடு வர வேண்டும் என்பது ஆச்சியின் கணக்கு. இரண்டையும் மாற்றிச் சொன்னால் திருத்துவாள்.

பல வருஷம் கழித்து மேக இயற்பியல் படித்தபோதுதான் அவள் சொன்னது துளியின் அளவைப் பற்றியது என்று புரிந்தது. தென்மேற்குக் காற்று கேரளப் பக்கமிருந்து மலையேறுகிறது. பெரிய துளிகள் ஏறும்போதே அந்தப் பக்கம் கொட்டிவிடுகின்றன. இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மழைத்துளி நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் வேகத்தில் விழும். அதைக் காற்று சுமந்து வர முடியாது. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் துளியோ நொடிக்கு ஒரு மீட்டர்கூட இறங்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஊரில் போடுகிறது. அந்தக் காற்று எப்படிப்பட்டதென்று தென்காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசலில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேகத்துளி இதைவிடவும் சிறியது. பத்து லட்சம் மேகத்துளி சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அப்படி ஒவ்வொரு துளியும் உருவாக ஒரு பிடிமானம் வேண்டும்: உப்பு, புழுதி, கரி, கந்தகச் சேர்மம் என்று ஏதாவது ஒரு துகள். ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880-இல் இதை எளிமையாகக் காட்டினார். பஞ்சு வழியாக வடிகட்டிய காற்று நிறைந்த கண்ணாடிக் குடுவைக்குள் நீராவியை விட்டார், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வடிகட்டாத காற்று இருந்த குடுவைக்குள் விட்டார், வெள்ளை வெளேரென்று மூடுபனி கட்டியது. பிரான்சில் கூலியே என்பவர் 1875-லேயே இதைப் போலச் செய்து பார்த்திருந்தார். மேகத்தை அளக்கிறேன் என்று சொல்பவர் தூசியையும் சேர்த்து அளந்தே ஆகவேண்டும் என்பதற்கு எனக்கு இன்றும் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

இந்தியாவிலிருந்து ஐந்து விஞ்ஞானிகள் முதன்முதலில் ஆர்க்டிக் போனது 2007 ஆகஸ்டில். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று நி-ஓலெசுண்டில் ஹிமாத்ரி நிலையம் திறந்தது. கோவாவில் வாஸ்கோவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் இதையெல்லாம் நடத்துகிறது. நான் முதலில் போனது ஒரு வசந்தத்தில். ஸ்வால்பார்டின் பெரிய ஊரான லாங்யிர்பியனிலிருந்து பத்துப் பதினைந்து பேர் உட்காரும் சின்ன விமானம். இறங்கியதும் கைப்பேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைக்கச் சொன்னார்கள். பூமியின் அசைவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் பெரிய ரேடியோ ஆன்டெனா அங்கே இருக்கிறது, அதன் காதில் நம் இரைச்சல் விழக்கூடாது. அம்மாவிடம் பேச லேப்டாப்பில் கேபிளைச் செருகிக்கொண்டு ஒரு மேசையில் உட்கார வேண்டும். “அங்க சீசன் எப்படி இருக்கு?” என்று அம்மா கேட்டாள். குற்றாலத்துக்காரர்கள் எந்த ஊரைப் பற்றியும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

குடியிருப்பிலிருந்து கூடத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். குடியிருப்பு எல்லையைத் தாண்டினால் பனிக்கரடிக்காகத் துப்பாக்கி வேண்டும், அதற்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். நடக்கும்போதே மேகத்தைப் பார்த்துக்கொண்டு போவேன். கூடத்தில் முதல் வேலை கூரையேறுவது. காற்றை உள்ளே இழுக்கும் இன்லெட் குழாயின் வாயில் உறைபனி பிடித்திருக்கும், அதைத் தட்டிவிட வேண்டும். சீலோமீட்டரின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

சீலோமீட்டர் என்பது வானத்தை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்புகளை அனுப்பிவிட்டு, மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி எப்போது வருகிறதென்று பார்க்கும் கருவி. பத்து மைக்ரோநொடியில் திரும்பினால் மேகத்தின் அடி ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு. இன்னும் பெரிய லைடார் கருவிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒளியை ஒரே திசையில் அதிரும்படி அனுப்புவார்கள். உருண்டையான நீர்த்துளியில் பட்டால் அது அப்படியே திரும்பும், கோணல்மாணலான பனிப்படிகத்தில் பட்டால் திசை கலைந்து திரும்பும். இருட்டில் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது தண்ணீரா பனிக்கட்டியா என்பதைத் தரையிலிருந்து சொல்லிவிடலாம்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் துருவத்துக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். மைனஸ் 20 டிகிரியில் மேகம் முழுக்கப் பனிக்கட்டியாக இருக்கும் என்று நம் ஊர் பொதுஅறிவு சொல்லும். அப்படி இருப்பதில்லை. நுண்துளிகள் உறைவதற்கும் ஒரு பிடிமானம் தேவை. அந்த வேலைக்கு ஏற்ற துகள் பத்து லட்சத்தில் ஒன்றிருந்தால் பெரிது. அது கிடைக்காத துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே மிதக்கும். ஆர்க்டிக்கின் தாழ்ந்த மேகங்களில் மேலே தண்ணீர் அடுக்கு, அதிலிருந்து கீழே உதிரும் பனிப்படிகம் என்று இரண்டும் நாள்கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. ஏன் அந்தத் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை என்பது இந்தத் துறையில் பலருக்கு ஆயுள் வேலை.

மேகம் தண்ணீரா பனியா என்பது தரைக்கு ஏன் முக்கியம் என்பதைக் குளிர்காலத்தில் போனபோது உடம்பால் தெரிந்துகொண்டேன். 2023 டிசம்பரில்தான் இந்தியா தன் குளிர்கால ஆர்க்டிக் பயணங்களைத் தொடங்கியது. பின்னால் வந்த குழு ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. அக்டோபர் கடைசியில் போகும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பும் ஊர் அது. ஒரு நாள், பகல் என்று கடிகாரம் மட்டும் சொன்ன நேரத்தில், வானம் துப்புரவாக இருந்தது. நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. மூக்கின் உள்முடி உறைந்து குத்தியது. சில மணி நேரத்தில் தாழ்வான மேகம் ஒன்று கடல்பக்கமிருந்து வந்து மூடியது. காற்று மாறவில்லை, சூரியனும் இல்லை. ஆனால் வெப்பமானி ஏறிக்கொண்டே போனது.

தரை எந்நேரமும் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டிருக்கிறது. 1997-98-இல் ஆர்க்டிக் கடல்பனியில் ஒரு கப்பலை உறையவிட்டு ஓராண்டு அளந்த ஷீபா ஆய்வில், குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் பனித்தரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் இழப்பதையும், நீர்த்துளி மேகம் மூடியிருந்தால் அந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லாமல் போவதையும் கண்டார்கள். பழைய நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றைச் சதுர மீட்டருக்கு ஒன்றாக மாட்டியதைப் போல. மார்கழியில் மேகம் போட்ட ராத்திரியில் பனி இறங்காது என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வதும் இதே கணக்குத்தான். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. அதில் மேகத்தின் பங்கு எவ்வளவு, மேகத்தில் துகளின் பங்கு எவ்வளவு என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால்தான் அடுத்த ஐம்பது வருஷத்தைப் பற்றிப் பேச முடியும்.

நம் ஊர்க் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் ஆயிரக்கணக்கான துகள் உண்டு. ஆர்க்டிக்கில் கோடையில் சில நாள் மேகத்துளிக்குப் பிடிமானமாகும் துகள் பத்துகூட இருக்காது. ஈரம் இருந்தும் துகள் இல்லாததால் மேகம் நிலைக்காமல் கலைந்துபோகிறது. அந்த நேரத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் துகள் வந்தால் மேகம் கட்டும். கடல் நுண்ணுயிர்கள் விடும் கந்தக வாயுவிலிருந்து வரலாம், கடற்பறவைகளின் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா உதவலாம், மனிதர் எரித்த எதிலிருந்தும் வரலாம். குறைவாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடினாலும் பெரிய மாற்றம். அதனால் குறைவானதை அளக்கக் கற்பதுதான் எங்கள் தொழில். அதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன்.

ஃபில்டரில் துகளைப் பிடிக்கும் வேலை இப்படி. வட்டமான வெள்ளை ஃபில்டரைப் பிடியில் பொருத்தி, பம்பைப் போட்டு, ஒன்றிரண்டு நாள் காற்றை இழுக்கவிட்டு, எடுத்து, உறையில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து, ரசாயனப் பகுப்பு செய்கிறோம். ஒவ்வொரு பத்து ஃபில்டருக்கும் ஒன்று பிளாங்க். அதையும் அதே கையால் எடுத்து, அதே பிடியில் பொருத்தி, பம்பைப் போடாமல், கழற்றி, அதே உறையில் வைக்கிறோம். காற்றே இழுக்காத வெறும் ஃபில்டர். அதில் ஏதாவது இருந்தால் அது வானத்திலிருந்து வந்ததில்லை, நம்மிடமிருந்து வந்தது. ஒவ்வொரு மாதிரியின் எண்ணிலிருந்தும் அதைக் கழித்துவிட வேண்டும்.

முதல் பயணத்தின் மாதிரிகளில் பொட்டாசியம் தூக்கலாக இருந்தது. விறகு, வைக்கோல், காடு எரிந்த புகைக்கு அடையாளம் பொட்டாசியம். எங்கோ எரிந்த வயலின் புகையைப் பிடித்துவிட்டேன் என்று இரண்டு வாரம் தூங்காமல் காற்று வந்த பாதையைக் கணக்கிட்டேன். வரைபடத்தில் அம்புகள் நான் ஆசைப்பட்ட இடத்துக்கே போய் நின்றன. பிறகு பிளாங்க் ஃபில்டர்களின் எண்கள் வந்தன. அவற்றிலும் அதே பொட்டாசியம், அதே அளவு.

கையுறை புதிது, கிடுக்கி சாராயத்தில் துடைத்தது, உறைகள் சுத்தமானவை. எது மிச்சம் என்று தேடித்தேடிக் கடைசியில் என் நெற்றிக்கு வந்து சேர்ந்தேன். குற்றாலநாதர் கோயிலில் வாங்கி அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த திருநீறு. தினமும் காலையில் பூசிக்கொண்டுதான் கூடத்துக்குப் போவேன். சாணச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. ஃபில்டர் மேல் குனிந்து வேலை செய்யும்போது கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்திருக்கிறது. அந்தத் தொகுப்பில் பொட்டாசியத்தின் எண்கள் முழுவதையும் விலக்கினேன். எட்டு வாரத்து உழைப்பில் ஒரு முக்கியமான பத்தி இல்லாமல் போனது.

அன்று அழுதேன். அதற்கப்புறம் திருநீற்றை விடவில்லை. ஃபில்டர் வேலை முடிந்து, திரும்பி வந்து, கை கழுவிய பிறகு பூசிக்கொள்கிறேன். புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்கிறேன். முகப்பூச்சு, தலைக்குப் போடும் எண்ணெய், கம்பளி நூல், மூச்சில் வரும் அம்மோனியா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். நீங்கள் எதையெல்லாம் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் ஆர்க்டிக்கைப் பற்றிப் பேசலாம் என்பேன்.

அந்த இரண்டு வாரம் நான் தேடிய புகை கற்பனையாக இருந்தாலும், அப்படி ஒரு புகை உண்மையிலேயே அங்கே வந்திருக்கிறது. 2006 ஏப்ரல் கடைசியில் கிழக்கு ஐரோப்பாவில் விவசாயிகள் வயலில் தீ வைத்தார்கள். அந்த வசந்தத்தில் காற்று வழக்கத்துக்கு மாறான வெப்பத்தோடு நேராக வடக்கே போனது. கூடத்துக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 474 மீட்டர் உயரத்தில் இருக்கும் செப்பெலின் ஆய்வு நிலையத்தில், அதுவரை காணாத அளவுக்கு மாசு பதிவானது. பனியின் நிறம் மாறியதுகூடத் தெரிந்தது. அதற்கும் முன்பே, 1950களில், அலாஸ்காவுக்கு வடக்கே பறந்த வானிலை விமானிகள் தெளிந்த வானில் பழுப்பு மங்கல் ஒன்றைப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். அதுதான் ஆர்க்டிக் மங்கல். ஆண்டுதோறும் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வருகிறது. அதில் பெரும்பகுதி அங்கே உண்டாவதில்லை. ஐரோப்பா, ஆசியாக் கண்டங்களின் தொழில்நகரங்களிலிருந்து வந்து, கழுவிவிட மழை இல்லாததால் வாரக்கணக்கில் தங்குகிறது. அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி, பாரதி நிலையங்களில் இந்தத் தொல்லை குறைவு. கண்டங்களுக்கும் அதற்கும் நடுவே பெருங்கடல் கிடக்கிறது.

கரியை அளக்கும் கருவி ஏத்தலோமீட்டர். வெள்ளை நாடா ஒன்றில் காற்றை இழுத்து வட்டப் பொட்டு விழச் செய்து, அது எவ்வளவு கறுத்தது என்று ஒளியை வைத்துப் பார்க்கும். நம் நகரங்களில் ஒரு கன மீட்டர் காற்றில் ஆயிரக்கணக்கான நானோகிராம் கரி இருக்கும், பொட்டு சீக்கிரம் கறுத்துவிடும். நி-ஓலெசுண்டில் வசந்தத்தில் சில பத்து நானோகிராம். கோடையில் அதுவும் இல்லை. நாள் முழுக்க இழுத்தாலும் பொட்டு சாம்பல் பூத்தாற்போல மட்டும் இருக்கும். திடீரென்று ஐந்து நிமிடத்துக்கு எண் பல மடங்கு குதித்தால் பனி ஸ்கூட்டர் ஒன்று பக்கத்தில் போயிருக்கிறது என்று அர்த்தம். தொலைவிலிருந்து வருவது அப்படிக் குதிக்காது. மணிக்கணக்கில் மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். குடியிருப்புப் பக்கமிருந்து காற்று வீசிய நேரத்து எண்களையும் தள்ளிவிடுவோம்.

என் அப்பா முப்பது வருஷம் செங்கல் சூளை ஒன்றில் கணக்குப் பார்த்தவர். அவர் வேட்டியின் மடிப்பில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அம்மா எவ்வளவு துவைத்தும் போகாது. அந்த மிகச் சிறிய சாம்பல் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடு நினைவுக்கு வரும். எங்கள் படிப்பு அந்தச் சூளையின் சம்பளத்தில் நடந்தது. அந்தப் புகையை எதிரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அளக்காமலும் இருக்க முடியாது.

போன சீசனுக்கு விடுமுறையில் வந்தபோது கையில் துகள் எண்ணும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு பழைய குற்றாலம் போகும் சாலையில், மிளகாய் பஜ்ஜிக் கடைகளின் எண்ணெய்ப் புகை எட்டாத தூரம் வரை நடந்தேன். முதலில் கருவியின் வாயில், துகளையெல்லாம் தடுக்கும் ஜீரோ ஃபில்டரை மாட்டினேன். எண் மளமளவென்று இறங்கிச் சுழியில் நின்றது. கழற்றியதும் ஆயிரங்களில் ஏறியது. அந்நேரம் சாரல் வந்தது, எண் கன்னாபின்னாவென்று துள்ளியது. ஈரத்தை உலர்த்தாமல் எண்ணினால் கருவி சாரல் துளியையும் தூசி என்றே எண்ணும். சிலிக்கா ஜெல் குழாயை முன்னால் இணைத்தேன். நீல மணிகள் அரை மணி நேரத்திலேயே வெளிறத் தொடங்கின. குற்றாலத்தின் ஈரத்துக்கு இன்னும் நீளமான குழாய் வேண்டும்.

அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “இதுல நம்ம சூளப் புகை எவ்வளவுட்டி இருக்கும்?” என்று கேட்டார்.

“இப்பச் சொல்ல முடியாதுப்பா. காத்து மேக்க இருந்துல்லா வருது. சூளை கிழக்க இருக்கு. கிழக்குக் காத்து வீசும்போது வந்து பாக்கணும்.”

“தை பொறந்துதான் சூளை மூட்டுவாங்க. என்னைக்கின்னு கேட்டுச் சொல்லுதேன். நீ லீவு போட்டுட்டு வா” என்றார்.

அன்று ராத்திரி பெட்டியைத் திறந்து தை மாதத்துக்கென்று ஃபில்டர் உறைகளில் தேதியில்லாமல் பெயர் எழுதினேன். சூளைக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, எங்கள் மொட்டைமாடிக்கு ஒன்று. நான்காவது உறையில் பிளாங்க் என்று எழுதி எடுத்து வைத்தேன்.